சுகம் கேட்ட சிடி

1

இங்கே மஸ்கட்டில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில், போன வாரம் என் வகுப்பு வீடியோவை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேமராவைப் பார்த்துவிட்டானாம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, நடத்தியதற்குச் சாட்சி வேண்டும். பார்வையிட வருகிற குழுவுக்குக் காட்ட, பிள்ளைகள் தாங்களாகவே ஆர்வம் பொங்கிக் கற்றுக்கொள்வது போல வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் இயல்பாக இருக்க வேண்டும். அந்த இயல்புக்கு ஒத்திகை உண்டு. எழுதிக்கொடுத்த கேள்வியை ஒருத்தி திடீரென்று தோன்றியது போலக் கேட்பாள். எழுதிக்கொடுத்த பதிலை ஒருவன் தலையைச் சொறிந்து யோசித்துச் சொல்வான். சொறிவதும் எழுதிக்கொடுத்ததுதான்.

இதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் சம்மதப் படிவம் போகும். கையெழுத்தாகி வராத பிள்ளைகளின் முகத்தை மங்கலாக்கிவிட வேண்டும் என்பது விதி. பெற்றோர்கள் படிவத்தைப் படிப்பதே இல்லை. அதனால் என் வீடியோவில் பாதி வகுப்பு, திருட்டு வழக்கில் பிடித்து நிறுத்திய கூட்டம் மாதிரி முகமில்லாமல் உட்கார்ந்து ஒளிச்சேர்க்கை படிக்கிறது.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் சீமா மேடம் திரையில் விரலை வைத்தார்.

"இவன் எதைப் பார்க்கிறான்?"

"கேமராவை, மேடம்."

"ஏன் பார்க்கிறான்?"

"அவன் முன்னால் அதுதான் இருந்தது, மேடம்."

இந்த மாதிரிப் பதில்களால்தான் எனக்கு இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

நான் முதன்முதலாக வகுப்பறையில் வீடியோ எடுத்தது குழித்துறைக்குப் பக்கத்தில், இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில். அங்கே பிள்ளைகள் கேமராவைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை, பேசவும் செய்தார்கள். அதில் ஷைனி என்று ஒரு பெண் பேசிய பேச்சில், அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தொடர்வாளா இல்லையா என்பதே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதையின் பின்பாதி எனக்குக் கடல் தாண்டி இங்கே வந்த பிறகுதான் கிடைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

பி.எட். முடித்த சூட்டோடு ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்திருந்தேன். உலகத்தைத் திருத்துவதற்கு முன்பயிற்சியாக ஒன்பதாம் வகுப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பள்ளியின் தாளாளர் அந்த வருடம் ஒரு புரொஜெக்டர் வாங்கினார். 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று மெயின் ரோட்டில் போர்டு வைத்தார். புரொஜெக்டரை மட்டும் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். அதன்மேல் ஒரு மஞ்சள் டவல், டவலின்மேல் வேளாங்கண்ணி மாதா காலண்டர். வகுப்பறையில் வைத்தால் பிள்ளைகள் தொட்டுவிடுவார்களாம்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சாரே, ஆண்டு விழாவுக்கு ஒரு வீடியோ வேணும். பிள்ளையள் சயன்ஸ் விளக்கணும். இங்கிலீஷில வேணும், கேட்டியளா. பாத்தவனெல்லாம் அடுத்த வருசம் இங்க வந்து சேக்கணும். கேபிள் டிவியிலயும் போடலாம்."

"கேமரா இருக்கா சார்?"

"உங்களுக்கு ஆரும் தெரியாதாக்கும்?"

தெரியும். என் பெரியம்மா மகன் ஜோஸ் அண்ணனுக்கு மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோ. கல்யாணம், ஞானஸ்நானம், வீடு பால்காய்ப்பு, அடக்க ஆராதனை எல்லாவற்றுக்கும் அவர்தான் கேமரா. எதை எடுத்தாலும் தொடக்கத்தில் இரண்டு வெள்ளைப் புறா பறக்கும். அடக்க ஆராதனைக்கும் அதே புறாதான், கொஞ்சம் மெதுவாகப் பறக்கும்.

ஜோஸ் அண்ணன் வந்து இறங்கியதும் ஒன்பதாம் வகுப்பை ஒரு நோட்டம் விட்டார். பிறகு முன்வரிசைப் பையனிடம், "மக்கா, அந்த வேப்பமரத்த ஒரு சுத்து சுத்தி, பைய நடந்து, கேமராவப் பாத்துச் சிரிச்சிட்டு வா" என்றார்.

"அண்ணே, இது விசைன்னா என்னன்னு சொல்ற பாடம்."

"சொல்லட்டு. நடந்துட்டே சொல்லட்டு. நிண்ணுட்டு சொன்னா ஆரு பாக்கப் போறா?"

நான் விளக்கினேன். மேஜை, சோதனைப் பொருள், பின்னால் கரும்பலகை, பிள்ளை வந்து நின்று விளக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒரு கலைஞனின் சோகம் படர்ந்தது. ஆனாலும் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார்.

3

முதலில் வந்தவன் விபின். எலுமிச்சம்பழத்தில் கம்பியைக் குத்தி மின்சாரம் காட்ட வேண்டியவன். நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்ததை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு உருப்போட்டிருந்தான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. விபின் நிமிர்ந்தான், கைகளைத் தொடையோடு ஒட்டினான், தொண்டையைச் செருமினான்.

"அப்பா, சுகமா இருக்கியளா? நாங்க இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி கொறஞ்சு இப்பம் கொள்ளாம். ரோஸி கண்ணுக்குட்டி போட்டுது."

"லே, நிப்பாட்டு!" என்றேன். "எலுமிச்சம்பழம் எங்க?"

விழித்தான். கையில்தான் இருந்தது.

அடுத்து வந்த பெண் காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பா, சுகமா இருக்கியளா? வாட்ச்சு கிட்டிச்சு. ஜெபமாலையும் கிட்டிச்சு" என்றாள். அதற்கடுத்தவன் வேதிவினை செய்ய வந்து அப்பாவிடம் ஸ்பைடர்மேன் பை கேட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோஸ் அண்ணனுக்கு மட்டும் எந்த ஆச்சரியமும் இல்லை. அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. எங்கள் பக்கம் கேமரா என்றால் எதற்கு? வளைகுடாவில் இருக்கிற ஆளுக்கு அனுப்பத்தான். முன்பு ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள், பிறகு சிடி வந்தது. முதல் திருவிருந்து ஆகட்டும், புது வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதாகட்டும், ஜோஸ் அண்ணன் கேமராவைத் திருப்பிய உடனே வீட்டில் உள்ளவர்கள் வரிசையாக வந்து நின்று சுகம் கேட்பார்கள். லீவு முடிந்து போகிற யாராவது ஒருவருடைய பெட்டியில், நேந்திரங்காய் சிப்ஸுக்கும் மீன் ஊறுகாய்க்கும் நடுவில் சொருகி அந்த சிடி போய்ச்சேரும். இந்தப் பிள்ளைகள் பேசத் தொடங்கியதிலிருந்து கேமராவிடம் வேறொன்றும் பேசியதில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அப்பா இருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் ஆன்றோவை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவனும் "அப்பா, சுகமா இருக்கியளா?" என்றுதான் தொடங்கினான்.

"ஏலே, உங்கப்பா குழித்துறைச் சந்தையில கடை வச்சிருக்காரு. இன்னைக்குக் காலையில உன்ன வண்டியில கொண்டு விட்டதும் அவருதானே?"

"ஆமா சார்."

"பின்ன ஆருகிட்டடா சுகம் கேக்கிற?"

அவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான். "பின்ன வேற எப்படி சார் தொடங்கணும்?"

கல்லூரியில் எனக்குக் கற்பித்தல் முறைகள் என்று ஒரு தாள் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை.

4

மற்றவர்கள் சுகம் கேட்டு முடித்த பிறகே எலுமிச்சம்பழமும் காந்தமும் படமாயின; ஷைனி அன்று கடைசியாக வந்தாள். வகுப்பில் முதல் மாணவி. கையில் பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் இரண்டு பலூன், அடியில் ஒரு ரப்பர்த் துண்டு. நுரையீரல் மாதிரி.

அவள் விஷயம் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மழை பெய்த ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளும் வகுப்புத் தோழன் அபினேஷும் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எதிர் வீட்டு ஜன்னலில் இருந்து ஒரு மாமி பார்த்திருக்கிறார். மாமியின் வீட்டுக்காரர் செல்வன் மஸ்கட்டில் இருக்கிறார். அவரும் ஷைனியின் அப்பா தங்கராஜும் ஒரே அறை. மாமி செல்வனுக்குப் போன் செய்ய, செல்வன் தங்கராஜிடம் சொல்ல, தங்கராஜ் வீட்டுக்குப் போன் போட்டு ஷைனியின் அம்மாவைக் கிழித்திருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு செய்தி எதிர்வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வர வேண்டுமானால் மஸ்கட் வழியாகத்தான் வரும்.

தீர்ப்பும் அங்கிருந்தே வந்தது. முழுப்பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிப் பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் கொண்டு தள்ள வேண்டும். நான்கு வருடமாக மகளை நேரில் பார்க்காத மனிதர், ரெக்கார்டு நோட்டு கேட்ட ஒரு பையனுக்காக அவள் பள்ளிக்கூடத்தை மாற்றினார். அம்மா ஏற்கெனவே அலுவலகத்தில் வந்து டி.சி.க்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அப்பாகிட்ட போன்ல சொல்லக்கூடாதாட்டி?" என்று நான் முன்பே ஷைனியிடம் கேட்டிருந்தேன்.

"போனு எங்கிட்ட வரும்போ காசு தீந்துரும் சார்" என்றாள். அப்புறம், "ஹாஸ்டல் பயமில்ல சார். இப்பம் கொண்டு விட்டா, ஊரெல்லாம் அது உள்ளதுதான்னு நெனைக்கும். அம்மா இங்க ஒத்தைக்கு இருந்து அதக் கேக்கணும்."

கேமராவுக்கு முன்னால் வந்ததும் அவள் ஜோஸ் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, இந்த சிடி அக்கரைக்குப் போவுமா?"

"போவாத சிடி ஒண்ணு நான் இதுவரைக்கும் போட்டதில்ல மக்கா."

"அங்க ரூம்ல எல்லாரும் சேந்துதானே பாப்பாவ?"

"பின்னே! ஒருத்தன் வீட்டு சிடி வந்தா ரூமே உக்காந்து பாக்கும். அது அவியளுக்கு சினிமால்லா."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஷைனி ரப்பரை இழுத்தாள். பலூன்கள் உப்பின. உதரவிதானம் கீழே இறங்குவதையும் காற்று உள்ளே போவதையும் பிசகில்லாத ஆங்கிலத்தில் விளக்கினாள். ரப்பரை விட்டாள், பலூன்கள் சுருங்கின. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அவள் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, அதே நிதானத்தில், தமிழில் தொடர்ந்தாள்.

"அப்பா, சுகமா இருக்கியளா? எனக்க பாடமெல்லாம் நல்லாட்டுத் தெரியும். கிளாஸ்ல நான்தான் ஒண்ணாவது. என்னய ஹாஸ்டல்ல கொண்டு விடாண்டாம். செல்வன் மாமா பக்கத்துல இருந்தாவன்னா மாமாவுக்கும் சுகம் கேட்டேன்னு சொல்லணும். அண்ணைக்கு அபினேஷ் எங்கிட்ட ரெக்கார்டு நோட்டு கேட்டான், நான் இல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. மாமி நான் உக்காந்து படிக்கியதயும் அதே ஜன்னல் வழியாட்டு பாத்துச் சொல்லட்டும். ரூம்ல உள்ள எல்லா மாமாமாருக்கும் சுகம் கேட்டேன்."

பின்வரிசையில் அபினேஷ் மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

படம் பிடித்ததை மறுநாள் தாளாளருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கதிகலங்கிப் போனார்.

"இதென்ன சாரே, ஸ்கூலா போஸ்டாபீஸா? இந்த அப்பா கதை முழுக்க வெட்டணும். சயன்ஸ் மட்டும் போதும். அந்தப் பிள்ளை சொன்னது ஒரு வார்த்தை வெளியில வரப்படாது. செல்வனுக்க மச்சினன் நம்ம பஸ் ஓட்டுகான்."

அவர் சொன்னதை அப்படியே ஜோஸ் அண்ணனிடம் சொன்னேன். ஷைனியிடமும் சொன்னேன். அவள் பாட்டிலில் இருந்து பலூன்களைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

5

இங்கே என் வகுப்பில் ரோஹன் என்று ஒரு பையன். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில். எந்த ஊர் என்று கேட்டால், "திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் பக்கம்" என்பான். அவன் அறிந்த சொந்த ஊர் ஏர்போர்ட்டில் இருந்து இரண்டு மணிநேர ஏசி கார். அவனைக் கேமரா முன் நிறுத்தினால், "ஹாய் கைஸ், வெல்கம் பேக்" என்று தொடங்குகிறான். ஒரு தடவைகூட எங்கும் போகாத கைஸ், எதற்குத் திரும்பி வர வேண்டும்? யார் அந்த கைஸ் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். "யாருமில்லை சார். சும்மா சொல்றதுதான்."

என் தமிழும் இங்கே அப்படியொன்றும் செல்லுபடியாகவில்லை. ஆசிரியர் அறையில் "நல்லாட்டு இருக்கு" என்று சொன்னால், சென்னைக்காரர் "சார் கேரளாவா?" என்கிறார். மலையாளி டீச்சர், "தமிழன்மாரு பேசறது கேக்க நல்ல ரசம்" என்கிறார். இரண்டு பேரும் என்னை மற்றவர் கணக்கில் தள்ளிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கிறார்கள்.

6

ஆண்டு விழா அன்று புரொஜெக்டர் முதல்முறையாக டவலைத் துறந்து வெளியே வந்தது. மேடையில் தாளாளரும், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவரும். கீழே முழுக்க அம்மாக்கள். முன்வரிசையில், பட்டுச்சேலையில், ஜன்னல் மாமி.

ஜோஸ் அண்ணன் கல்யாண சீசன் நெருக்கடியில் அன்று மத்தியானம்தான் வேலையை முடித்து சிடியைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்க்க நேரமில்லை.

புறாக்கள் பறந்தன. 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற எழுத்து இதய வடிவில் சுழன்று வந்தது. பின்னால் சுவிட்சர்லாந்து மலை. விபின் தோன்றினான்.

"அப்பா, சுகமா இருக்கியளா? நாங்க இங்க எல்லாரும் சுகம்..."

கண்ணுக்குட்டி வரைக்கும் முழுசாக வந்தது. எலுமிச்சம்பழம் வரவில்லை. ரோஜா இதழ் கொட்டியது, பக்கம் புரண்டது, காந்தப் பெண் வந்தாள். வாட்ச்சு கிட்டிச்சு. காந்தம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் சுகம் கேட்டு முடித்து, சோதனையைத் தொடங்க வாயைத் திறக்கும்போது ரோஜா இதழ் கொட்டிவிடும்.

நான் பக்கவாட்டில் நின்ற ஜோஸ் அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, என்ன செஞ்சிருக்கிய? சயன்ஸ் எங்க?"

"வெட்டிட்டேன்."

"அப்பா கதையத்தானே வெட்டச் சொன்னேன்!"

"நீ சொன்ன, செரி. உனக்கு இந்தத் தொழிலு தெரியாது மக்கா. கல்யாண சிடியில பொண்ணு மாப்பிள்ளைய வெட்டலாம், ஒண்ணும் ஆவாது. ஒரு சித்தப்பன் சுகம் கேட்டத வெட்டிப் பாரு. மறுநாள் கடைக்கு முன்னால நிப்பான். 'எனக்க சுகத்த எங்கல போட்ட'ன்னு கேப்பான். ஆளு சுகம் கேட்டதில நான் கை வைக்க மாட்டேன். பாட்டிலும் பலூனும் எங்க போவப் போவுது?"

அதற்குள் அம்மாக்கள் பக்கம் திருவிழாவாகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கைதட்டல், கூவல், முந்தானையால் கண் துடைப்பு. கல்வி அதிகாரி தாளாளரின் காதில் எதையோ கேட்டார். "கம்யூனிகேஷன் ஸ்கில், சார்" என்று தாளாளர் பதில் சொன்னது மைக்கில் விழுந்தது.

கடைசியில் ஷைனி வந்தாள். பாட்டில் திரையில் ஒரு கணம் தெரிந்து, ரோஜாவில் மறைந்தது. பிறகு அவள் பேசியது ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. ஜன்னல் என்ற வார்த்தை வந்தபோது அத்தனை பெண்களும் ஒரே அசைவாக முன்வரிசைப் பட்டுச்சேலையைப் பார்த்தார்கள். மாமி சட்டென்று சிரித்தார். மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "வாயாடி, பாத்தியளா" என்று பக்கத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

தாளாளர் அந்த இடத்திலேயே சிடியை வெளியில் விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஜோஸ் அண்ணன் பணிவாகத் தலையாட்டினார். கேட்டுக்கு வெளியே அவருடைய ஸ்கூட்டரில் வீட்டுக்கு ஒன்றாகப் பிரதிகள் தயாராக இருந்தன.

7

அதன்பிறகு காத்திருப்பு. லீவுக்கு வந்திருந்த ஒருவர் திரும்பிப் போகிறார் என்றும், அவர் பெட்டியில் எங்கள் சிடி போகிறது என்றும் வகுப்பில் பேச்சு அடிபட்டது. ஷைனி வழக்கம்போல முதல் மார்க் வாங்கினாள். முழுப்பரீட்சையும் எழுதினாள். டி.சி. அலுவலக மேஜையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்ததை நானே பார்த்தேன். தாளாளர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "சாரே, சுகமா இருக்கியளா?" என்று கேட்டு ஆட்கள் கண்ணடித்தார்கள்.

லீவு விட்ட பிறகு ஒருநாள் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஷைனி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள்.

"சார், டி.சி. வேண்டாமாம். அம்மா ஆபீஸ்ல சொல்லிட்டாவ."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வாங்காண்டாம்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாவளாம்."

"சிடி பாத்ததப் பத்தி?"

"அத அம்மா கேக்கல. கேட்டா மனசு மாறிருமோன்னு பயம்" என்று சிரித்தாள். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலேயும் அவள் அங்கேயேதான் படித்தாள். மாமி ஜன்னலுக்குத் திரை போட்டதாகக் கேள்வி.

என் வீடியோ முயற்சிகளுக்கு அத்தோடு தடை வந்தது. கொஞ்ச காலத்தில் எனக்கும் விசா வந்தது. எங்கள் பக்கத்துப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் வருகிற அதே காய்ச்சல்தான். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள்கூட நின்ற இடத்தில்தான் சுற்றுகின்றன, நமக்கு அதுகூட முடிவதில்லை.

8

மஸ்கட்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமை வரும். ரூவி சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாரு குழித்துறை ஸ்கூல்ல இருந்தியளா? அந்த சிடி சாரா?"

அவர் பெயர் வில்சன், எலுமிச்சம்பழ விபினின் அப்பா. நான் மறுக்க மறுக்க, பக்கத்துச் சந்தில் இருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டடுக்குக் கட்டில்கள், நடுவில் ஒரு டிவி, மூலையில் பெரிய அலுமினியச் சட்டியில் கோழிக் குழம்பு. நல்ல மீசை வைத்த ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அவர்தான் செல்வன். ஜன்னல் பக்கம் ஒல்லியாக, நரைத்த தலையோடு ஒருவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவர் தங்கராஜ். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

"சார் கேக்காரு, அண்ணைக்கு என்ன நடந்ததுன்னு" என்று நான் கேட்காத கேள்வியை வில்சன் எல்லோருக்கும் அறிவித்தார்.

"நானே சொல்லுகேன்" என்றார் செல்வன் வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். "நாணங்கெட்டது நானாக்கும், நானே சொல்லுகேன்."

சிடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு அறையே உட்கார்ந்திருக்கிறது. விபின் வந்தான், கைதட்டல். காந்தப் பெண் வந்தாள், அவள் அப்பா அழுதார். ஊரில் கடைசியாக வந்த ஷைனி இங்கே நடுவிலேயே வந்துவிட்டாள். வீட்டுப் பிரதியில் அவளுக்குப் பிறகு ஜோஸ் அண்ணன், விழாவுக்கு நேரம் போதாமல் விட்டிருந்த மீதிப் பிள்ளைகளின் சுகத்தையும் விடாமல் சேர்த்திருந்தார்.

"ஹாஸ்டல்னு அவ சொன்ன உடனே இவன் எந்திரிச்சு பிளேயர டப்புன்னு நிப்பாட்டிட்டான்" என்றார் செல்வன், தங்கராஜின் பக்கம் கத்தியைக் காட்டி. "நான் மனசுக்குள்ள, ஆண்டவரே ஸ்தோத்திரம்னேன். எனக்க பேரு இன்னும் வரல்லல்லா."

"நீ ஸ்தோத்திரம் சொன்ன, எனக்க மூத்தவன் இனிதானே வரணும்!" என்றார் கட்டிலின் மேலடுக்கில் படுத்திருந்த ஒருவர். "போடுல, எம்பிள்ளையப் பாக்கணும்னேன்."

மறுபடி போட்டார்கள். அந்த பிளேயருக்கு ஒரு குணம், நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் இருந்து ஓடாது. தொடக்கத்தில் இருந்துதான் ஓடும். புறா பறந்தது. விபின் சுகம் கேட்டான். கண்ணுக்குட்டி, வாட்ச்சு, ஸ்பைடர்மேன் பை. ஷைனி மறுபடி வந்தாள். இந்தத் தடவை செல்வன் மாமாவுக்குச் சுகம் சொல்கிற இடம் வரை போனது. செல்வனே எழுந்து நிறுத்திவிட்டார்.

"பிறகு?"

"பிறகென்ன, மேல கெடக்க இவனுக்க மூத்தவன் வரல்லல்லா! திரும்பப் புறா."

மூன்றாவது தடவை ஷைனி முழுதும் பேசினாள். ஜன்னலைப் பற்றியும் பேசினாள். அறையில் ஒருவரும் சாப்பிடவில்லையாம். அந்த நேரம் பார்த்து டூட்டி முடிந்து கதவைத் திறந்துகொண்டு வந்த இன்னொருவர், "எனக்க பிள்ள வந்தாளா? தொடக்கத்துல இருந்து போடுங்க" என்றிருக்கிறார்.

"நாலாவது புறா பறந்தப்போ எனக்குத் தாங்கல்ல சார்" என்றார் செல்வன். "தங்கராஜே, நீ இப்பமே வீட்டுக்குப் போன் அடி, பிள்ள அங்கயே படிக்கட்டு, எம்பொண்டாட்டிக்கு நான் தனியாட்டு போன் பண்ணுகேன்னேன். இல்லங்கி ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் இந்தப் பிள்ளகிட்ட நான் ஏச்சு வாங்கணும்லா."

அறையே சிரித்தது. வெங்காயத்தின் புண்ணியத்தில் செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கராஜ் சிரிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரில் டீயை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொண்டுவந்து தந்தார். மகள் இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். இஞ்சினியரிங், இரண்டாம் வருடம் என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

பிறகு டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த அந்தப் பிளேயரைப் பார்த்தபடி சொன்னார்.

"கடையில ரெண்டு வகை இருந்தது சார். நிறுத்தின எடத்துல இருந்து ஓடுற நல்லதும் இருந்தது. நான் அத வாங்கியிருந்தா, அவ பாளையங்கோட்டையிலதான் படிச்சிருப்பா."